எட்மன்டன் குளிரைத் தாங்கும் ராஸ்பெரியும் உயிர்வேலியும்: எதை நடலாம்?

பின்வளவு (எட்மன்டன்)

வணக்கம் உறவுகளே. ஒன்ராறியோவின் ஸ்காபரோவில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, வேலை மாறிப் போன வருடம்தான் எட்மன்டனுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் நல்ல வளவு. பின் ஒழுங்கைப் பக்கம் 50 அடி நீளத்துக்குப் பழைய பலகை வேலி சரிந்து நிற்கிறது, வடமேற்கிலிருந்து வருகிற காற்று நேராக அடுக்களைக் கதவில் வந்து மோதுகிறது. அந்த வேலியை எடுத்துவிட்டு உயிர்வேலி வைக்க ஆசை. அதோடு பிள்ளைகள் பிடுங்கித் தின்ன ஏதாவது பழமும் வேண்டும்.

போன கோடையில் பெரிய கடை ஒன்றில் முள்ளில்லாத பிளாக்பெரிக் கன்று மூன்று வாங்கி நட்டேன். அட்டையில் குளிர் வலயம் 5 (எண் குறையக் குறையக் குளிர் கூடிய இடம்) என்று போட்டிருந்தது, இங்கே வருமா என்று கேட்டதற்கு வரும் என்றார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்தன. இப்போது ஏப்ரல் நடுவில் ஸ்னோ கரைந்த பிறகு பார்த்தால் தண்டெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, வளைத்தால் சுள்ளி மாதிரி முறிகிறது. அடியில் மண்ணைக் கிண்டிப் பார்த்தேன், வேரோடு ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு தெரிகிறது. இதை வைத்திருப்பதா, பிடுங்குவதா?

ராஸ்பெரி என்றால் எந்த இனம் வாங்குவது என்றும் சொல்லுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்த பாத்தி ஒன்று நல்ல வெயிலில் காலியாக இருக்கிறது, அதிலேயே நடலாம் என்று நினைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி. ஊரில் அப்பா மாரி தொடங்கும்போது கிளுவங்கதியால் வெட்டி, அலவாங்கால் குத்திய குழியில் ஊன்றிவிடுவார், இரண்டு வருடத்தில் வேலி அடர்ந்துவிடும். காசு கொடுத்து ஒரு கன்றும் வாங்கியதில்லை. இந்த நாட்டில் அப்படி ஊன்றி முளைக்கக்கூடிய மரம் எதுவும் இருக்கிறதா?

வெண்பனிவெளி (சஸ்கட்டூன்)

தம்பி, முதலில் அந்தப் பாத்தியை விடுங்கள். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். அவை நின்ற மண்ணில் வெர்டிசிலியம் என்கிற வாடல் பூஞ்சணம் தங்கியிருக்கும், ராஸ்பெரியையும் அது தாக்கும். மூன்று நாலு வருடமாவது அந்த மண்ணில் ராஸ்பெரி வைக்கக் கூடாது. நான் இங்கே வந்த புதிதில் இது தெரியாமல் கத்தரிப் பாத்தியில் பன்னிரண்டு கன்று நட்டு, இரண்டாம் வருடக் கோடையிலேயே ஒரு பக்கமாக வாடி வாடி ஏழு கன்று போனது. புல்தரையில் ஒரு கீற்றை வெட்டித் திருப்பி, பழைய மாட்டெரு போட்டு, அங்கே நடுங்கள்.

பிளாக்பெரிக்கு என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். வாழையை நினைத்துப் பாருங்கள். ஒரு வாழை ஒரு தரம்தான் குலை போடும், பிறகு அதைத் தறித்துவிடுவோம், பக்கத்தில் குட்டி வந்திருக்கும். ராஸ்பெரி, பிளாக்பெரித் தண்டும் அதே போலத்தான். முதல் வருடம் தண்டு வளரும், இரண்டாம் வருடம் அதே தண்டு பூத்துக் காய்த்துச் செத்துவிடும், வேரிலிருந்து அடுத்த தண்டு வரும். அப்படியென்றால் இரண்டாம் வருடப் பழம் கிடைக்க முதல் வருடத் தண்டு ஒரு குளிர்காலத்தை உயிரோடு தாண்ட வேண்டும். உங்கள் பிளாக்பெரியின் வேர் ஸ்னோவுக்கு அடியில் தப்பிவிட்டது, அந்தச் சிவப்பு மொட்டு அதுதான். தண்டு தப்பவில்லை. இந்த வருடமும் ஆளுயரம் வளரும், வருகிற குளிரிலும் கருகும். இலை பார்க்க ஆசையென்றால் வைத்திருங்கள். பழம் வேண்டுமென்றால் பிடுங்கிவிடுங்கள், அந்த இடம் வீண்.

ராஸ்பெரி இனம் என்று கேட்டால் எனக்கு முதலில் பொயின்தான். மனிற்றோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960இல் வந்தது, சமவெளிக் குளிருக்கென்றே உருவாக்கியது. ஜூலைக் கடைசியில் பழுக்கும், கடும் சிவப்பு, ஜாமுக்கு அதைப் போல வேறில்லை. ஆனால் முள் உண்டு, நீட்டுக்கைச் சட்டை இல்லாமல் பழம் பிடுங்கப் போக வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்காக முள் குறைந்தது வேண்டுமென்றால் நோவா, நோவா ஸ்கோசியாவின் கென்ற்வில்லில் உருவாக்கி 1981இல் வெளியிட்டார்கள், அதன் தாய் தந்தையில் ஒன்று பொயின். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். கடும் குளிர் வந்த வருடங்களில் நோவாவின் நுனி ஒரு முழத்துக்குக் கருகும், பொயின் அப்படியே நிற்கும்.

தண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர், மரநிறமாகக் காய்ந்திருந்தால் போய்விட்டது. நுனியில் தொடங்கி ஒவ்வொரு சாணாகக் கீழே இறங்கிச் சுரண்டிக்கொண்டே வாருங்கள், பச்சை தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அவசரப்பட்டு ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் அடியோடு வெட்டி அந்த வருடப் பழத்தை இழந்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

ராஸ்பெரியோடு நின்றுவிடாதீர்கள். ஹாஸ்கப் என்று ஒரு பழம் இருக்கிறது, நீலமாக, நீட்டுவாக்கில், நம்முடைய நாவற்பழத்தைச் சின்னதாக்கி இழுத்துவிட்டது போல. இங்கே சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் நிறைய இனங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். செடி -47 பாகை வரை தாங்கும், அதைவிட ஆச்சரியம் பூ, விரிந்த பூவே -7 பாகை உறைபனியைத் தாங்கிவிடும். மே மாத உறைபனிக்கு அப்பிள் பூ கொட்டும்போது இது பேசாமல் காய் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் வைத்தால் காய்க்காது. இன்டிகோ ஜெம், டன்ட்ரா, பொரியாலிஸ் மூன்றும் உடன்பிறப்புகள், ஒன்றுக்கொன்று மகரந்தம் உதவாது, கூட ஒரு ஒரோரா வேண்டும். வெளியே நீலமானவுடன் பிடுங்கிவிட்டுப் புளிப்பென்று சொல்பவர்கள் பலர். ஒன்றைக் கடித்து உள்ளே பாருங்கள், பச்சையாக இருந்தால் இன்னும் ஒரு வாரமாவது விட வேண்டும், உள்ளேயும் கருஞ்சிவப்பானால்தான் பழம். அதற்குள் பறவைகள் வந்துவிடும், வலை கட்டாயம்.

புளூபெரி மட்டும் வேண்டாம். அதற்கு நல்ல புளிப்பு மண் வேண்டும், நமது கரும் மண் அப்படியில்லை.

மினசோட்டா மண்வெட்டி

நண்பரே, நான் கோயம்புத்தூர்க்காரன், மினசோட்டாவில் பதினான்கு ஆண்டுகளாகத் தோட்டம் போடுகிறேன். மேலே அக்கா சொன்னது அத்தனையும் சரி. வலய எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான்.

அமெரிக்க வலய வரைபடம் ஒரே ஒரு கணக்கு: ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரி. கனடா வரைபடம் அப்படியல்ல, உறைபனி இல்லாத நாட்கள், கோடை மழை, கோடை வெப்பம், பனியின் ஆழம், காற்றின் வேகம் என்று பலதையும் சேர்த்துப் போட்டது. அதனால் இரண்டு நாட்டு எண்ணும் ஒன்றல்ல. கடையில் தொங்கும் அட்டை பெரும்பாலும் அமெரிக்க எண்ணாகத்தான் இருக்கும். உங்கள் ஊர் கனடா கணக்கில் 4 என்றாலும், 3 என்று எழுதிய செடியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஓர் இரவு -40க்குப் போனால் போதும், சராசரி வந்து காப்பாற்றாது.

இலையுதிர் காலத்தில் காய்க்கும் ராஸ்பெரி என்று இன்னொரு வகை உண்டு. அது முதல் வருடத் தண்டிலேயே காய்க்கும், எனவே குளிர்காலத்துக்கு முன் அத்தனையையும் தரையோடு வெட்டிவிடலாம், தண்டு பிழைக்குமா என்ற கவலையே இல்லை. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஹெரிடேஜ் மாதிரியான இனம் பழுக்கத் தொடங்கும் நேரத்தில் உங்கள் ஊரில் உறைபனி விழுந்துவிடும், செடி நிறையக் காயோடு கருகி நிற்கும். வேண்டுமென்றால் பொலானா மாதிரி முந்திக் காய்ப்பதைப் பாருங்கள். இன்னொரு தொல்லை, புள்ளியிறக்கைப் பழ ஈ. எங்கள் மாநிலத்தில் 2012இல் முதலில் தென்பட்டது. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத் தேடும், இது பழுக்கும் நல்ல பழத்தையே கீறி முட்டை வைக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் பழத்தில்தான் அதிகம். ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து ஒரு கைப்பிடிப் பழத்தைப் போட்டுக் கால் மணி நேரம் வையுங்கள், இருந்தால் வெள்ளைப் புழு நூல் மாதிரி வெளியே வரும். ஜூலைப் பழம் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் நானும் கோடை இனத்துக்கே திரும்பிவிட்டேன்.

கவ்வாத்து விஷயத்தில் மனசு கல்லாக இருக்க வேண்டும். பழம் முடிந்த தண்டை அந்தக் கோடையிலேயே தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், நோய் அதில்தான் தங்கும். புதுத் தண்டில் ஓர் அடி நீளத்துக்கு நாலு ஐந்து தடித்ததை மட்டும் விட்டு மெலிந்ததை எல்லாம் எடுங்கள். வரிசையின் அகலம் ஒன்றரை அடியைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் நடுவில் காற்றுப் போகாமல் பழம் பூசணம் பிடிக்கும். ஜூலைக்குப் பிறகு உரம் வேண்டவே வேண்டாம். அப்போது உரம் போட்டால் செப்டம்பரிலும் இளம் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும், அந்தத் தளிர்தான் முதலில் சாகும்.

நள்ளிரவு வெயில் (வட நோர்வே)

நாங்கள் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று இந்தப் பக்கம் வந்த ஆட்கள். இங்கே என் அனுபவம், ஸ்னோ எதிரி இல்லை. ஆழமாக மூடிக் கிடந்தால் அடியில் மண் பெரிதாக உறையாது, தண்டும் தப்பும். காற்று ஸ்னோவை அள்ளிக்கொண்டு போகிற மொட்டை இடத்தில்தான் செடி சாகிறது. அக்டோபரில் ராஸ்பெரித் தண்டுகளை நாலு ஐந்தாகச் சேர்த்துத் துணிக்கீற்றால் கம்பியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்னோப் பாரத்தில் அடியோடு பிளந்துவிடும். கறுப்புக் கரண்ட், சிவப்புக் கரண்ட் (currant) என்கிற சிறு பழச்செடிகள் இரண்டும் எங்களுக்கு ஒரு வருடமும் ஏமாற்றவில்லை.

வேலிக்கு யாராவது ரூகோசா ரோஜா சொல்வார்கள், குளிரைப் பிரமாதமாகத் தாங்கும், பழமும் பெரிது. ஆனால் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டதால் நோர்வேயில் 2016 முதல் அதை விற்கவே தடை. உங்கள் மாகாணத்தில் எது தடை என்று வாங்குவதற்கு முன் பாருங்கள்.

பின்வளவு (எட்மன்டன்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று பிளாக்பெரியையும் இன்று சுரண்டிப் பார்த்தேன் அக்கா, நுனியிலிருந்து அடிவரை காய்ந்த மரநிறம், மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் பச்சை. அந்த நாலு விரல் ஸ்னோ மூடியிருந்த உயரம். வாழைக் குட்டிக் கதையை மகளுக்குச் சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டாள்.

வேலிதான் இன்னும் முடிவாகவில்லை. இந்தத் தெருவில் பாதி வீட்டில் கொட்டோனியாஸ்டர் வேலிதான் நிற்கிறது, இலையுதிர் காலத்தில் நெருப்பு மாதிரிச் சிவக்கிறது. ஒன்ராறியோவில் பார்த்த சீடர் வேலியும் மனதில் இருக்கிறது. எதற்குப் போகலாம்? இங்கே முயல் வேறு பகலிலேயே தெருவில் ஓடுகிறது.

ஒழுங்கைக்காரன் (கல்கரி)

சீடர் வேண்டாம் தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு கன்று, ஒன்று ஐந்தடி உயரம், நல்ல காசு. இலை உதிராத மரம் மார்ச் மாத வெயிலில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், மண்ணோ இன்னும் கல்லாக உறைந்திருக்கும், வேரால் உறிஞ்ச முடியாது. தெற்குப் பக்கம் முழுக்கச் செம்பட்டையாகிவிட்டது. எங்களுக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற வெதுவெதுப்பான சினூக் காற்று வேறு, காலையில் -20, மாலையில் +8 என்று மாறும்போது மரம் என்ன செய்யும். இரண்டு குளிர்காலத்தில் ஒன்பது மிச்சம். கட்டாயம் வேண்டுமென்றால் பிரான்டன் என்கிற இனம் ஓரளவு தாங்கும், அதையும் காற்று மறைவில் வைத்து, மண் உறையும்வரை தண்ணீர் விட வேண்டும். காற்றைத் தடுக்கவே நீங்கள் வேலி கேட்கிறீர்கள், காற்று மறைவு கேட்கிற மரத்தை அங்கே வைக்க முடியுமா?

கொட்டோனியாஸ்டர் குளிருக்கு அசையாது, வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். ஆனால் நடும் முன் பக்கத்து வேலியில் போய்ப் பாருங்கள். நடுவில் இலையில்லாத கிளையைப் பிடித்துப் பட்டையை உற்றுப் பார்த்தால், எள்ளைவிடச் சின்னதாக, சிப்பி ஓடு கவிழ்த்தது போல சாம்பல் நிறப் பொருக்கு அப்பியிருக்கும். நகத்தால் தட்டினால் உதிரும். அது பொருக்கு அல்ல, செதில்பூச்சி, சாற்றை உறிஞ்சிக் கிளை கிளையாகக் காய வைத்துவிடும். கல்கரியிலும் எட்மன்டனிலும் இதனால் போன வேலிகள் எத்தனையோ. மருந்து அந்த ஓட்டுக்குள் இறங்காது. வசந்தத்தில் இலை வருமுன் முழு வேலியையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிக் குப்பையில் போட்டால் புதிதாகத் துளிர்க்கும், அதுதான் வழி. உங்கள் தெருவில் இருந்தால் உங்கள் வேலிக்கும் வரும். பழமும் தின்னக்கூடியதல்ல, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்கள்.

நான் சீடரைப் பிடுங்கிவிட்டு வில்லோசா லைலாக் வைத்தேன். சாதாரண லைலாக் பக்கக்கன்று விட்டுப் பக்கத்து வீடு வரை போகும், இது ஒரே தூராக நிற்கும், ஜூன் மாதம் பூக்கும். உங்களுக்கு என் யோசனை, 50 அடியையும் ஒரே மரத்தால் நிரப்ப வேண்டாம். காற்று மோதுகிற வடமேற்கு மூலையில் லைலாக், அதற்குப் பிறகு சஸ்கட்டூன் பெரி என்கிற பழச்செடி மூன்றடிக்கு ஒன்று. தனி மரமாக வைத்தாலும் காய்க்கும். ஸ்மோக்கி, நோர்த்லைன், தீசன் எது கிடைத்தாலும் சரி. பக்கத்தில் ஜூனிபர் இருந்தால் மட்டும் யோசியுங்கள், துரு நோய் அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் மாறி மாறி வரும்.

தோண்ட முன் நிலத்தடி வாயுக் குழாய், மின்கம்பி அடையாளமிட ஆட்களைக் கூப்பிடுங்கள், இலவசம். ஒழுங்கைப் பக்கத்தில்தான் அதெல்லாம் போகும்.

வெண்பனிவெளி (சஸ்கட்டூன்)

எங்கள் ஊருக்குப் பெயரே அந்தப் பழத்தின் கிரீ மொழிப் பெயரிலிருந்து வந்தது தம்பி, அதனால் நான் அதற்கு எதிராகப் பேச மாட்டேன். வேலியில் ஒரு ஐந்து கார்மைன் ஜுவல் செரியும் செருகுங்கள். 1999இல் இங்கே வெளியிட்டது, ஆறரை அடிக்கு மேல் போகாது, புளிச்செரி. பாதி பழுத்ததை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும்போது மாங்காயை மறந்து போவீர்கள்.

இனி உங்கள் கதியால் கேள்வி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் அதற்காகத்தான் திரும்ப வந்தேன். ஊன்றி முளைக்கிற மரம் இங்கேயும் உண்டு. சிவப்புத் தண்டு டொக்வுட், வில்லோ, கறுப்புக் கரண்ட். இந்த டொக்வுட் இங்கத்தைய காட்டு மரம், ஆற்றங்கரைகளில் நிற்கும், குளிர்காலத்தில் ஸ்னோவுக்கு நடுவில் அதன் தண்டு இரத்தச் சிவப்பாக நிற்பதைப் பார்க்க வேண்டும். மொட்டு வெடிக்கும் முன், அதாவது இந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள், தெரிந்தவர் வளவில் கேட்டுப் போன வருடம் வளர்ந்த தண்டாகப் பார்த்து, பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடியை நேராக, நுனியைச் சரிவாக வெட்டினால் தலைகீழாக ஊன்ற மாட்டீர்கள். மண் இன்னும் உறைந்திருந்தால் ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மண் இளகியவுடன் ஒரு கம்பியால் குத்திய துளையில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போக ஊன்றி, இரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரிய விட்டு, காலால் நன்றாக மிதியுங்கள். உங்கள் அப்பா செய்தது தான். முதல் கோடை முழுக்க மண் காயக் கூடாது. பத்துக்கு ஏழு எட்டு எனக்குத் தப்பியிருக்கிறது. சஸ்கட்டூன் பெரி இப்படி வராது, அதை வேரோடு வாங்க வேண்டும்.

சமவெளியின் பழைய வேலி கரகானாதான். இந்தியன் ஹெட் என்ற ஊரிலிருந்து 1901 முதல் விவசாயிகளுக்குக் கன்றுகள் கொடுத்தார்கள், 2013இல் நிறுத்திவிட்டார்கள். எதையும் தாங்கும். ஆனால் கோடை வெயிலில் நெற்று சடசடவென்று வெடித்து விதை எங்கும் தெறிக்கும், நகர வளவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முயலுக்கு: தண்டு கத்தியால் சீவியது போல் சரிவாக வெட்டுப்பட்டிருந்தால் அது முயல். மண்ணோடு ஒட்டிப் பட்டை சுற்றிவர உரிந்திருந்தால் ஸ்னோவுக்கு அடியில் வந்த எலி. இரண்டுக்கும் சேர்த்து அக்டோபரில் கோழிக்கூட்டுக் கம்பிவலை சுற்றுங்கள், அடியை மண்ணில் நாலு விரல் புதைத்து, உயரம் ஸ்னோ மட்டத்துக்கு மேலே இரண்டடி நிற்கிற மாதிரி. முயல் ஸ்னோ மேல் ஏறி நின்று தின்னும்.

பின்வளவு (எட்மன்டன்)

பக்கத்து வேலியைப் போய்ப் பார்த்தேன், ஒழுங்கைக்காரன் அண்ணை சொன்ன அதே சிப்பி ஓடு, தட்டினால் உதிர்கிறது. கொட்டோனியாஸ்டர் வேண்டாம் என்று முடிவு.

கணக்கு இப்படி: மூலையில் லைலாக் நாலு, சஸ்கட்டூன் பெரி எட்டு, செரி ஐந்து, புல்தரைக் கீற்றில் பொயின் ஆறும் நோவா ஆறும். ஹாஸ்கப் அடுத்த வருடம். கோயிலில் பழக்கமான ஒருவர் வளவில் சிவப்பு டொக்வுட் நிற்கிறது என்றார், இன்று பின்னேரம் போய் இருபது தண்டு வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ஈரத் துணியில் சுற்றிப் பாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவுக்குத் தொலைபேசியில் படம் காட்டினேன். கண் மேல் பக்கம் பார்க்க ஊன்று, ஆட்டிப் பார்க்காதே என்றார்.